ஜுமாதில் போகாது என்றுதான் சொன்னான்

செய்தி வந்தது நண்பகல் பன்னிரண்டு மணிக்கு. என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புவியியல் தேர்வு நடத்திக்கொண்டிருந்தேன். தேர்வு அறையில் தொலைபேசியை எடுக்கக் கூடாது. ஆனால் காலையிலிருந்தே கணவாய்ப் பக்கத்திலிருந்து ஒரு பதிலை எதிர்பார்த்திருந்ததால் எடுத்துவிட்டேன். பேசியது எர்கின், எங்கள் பெரியப்பா மாம்பெத்தின் மகன், தலைநகர் பிஷ்கெக்கில் கட்டட வேலை எடுத்துச் செய்பவன்.

"அக்கா, வண்டி போயிருச்சுக்கா."

"எந்த வண்டிடா?"

"என் புது வண்டிக்கா. மூணாவது வளைவுல உருண்டு கீழ ஆத்துல கெடக்கு. ஒண்ணும் மிச்சமில்ல."

"யாரு ஓட்டினது?"

மூச்சிரைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னான்: "அண்ணன்தான்."

இந்த வரிசையை நான் மறக்கப்போவதில்லை. முதலில் வண்டி. அடுத்து அது கிடக்கும் இடம். கடைசியில், நான் வாய்விட்டுக் கேட்ட பிறகு, என் அண்ணன் ஜுமாதில்.

இப்போது ஊரில் யாரைக் கேட்டாலும் அவனைப் பற்றி ஒரே பேச்சுத்தான். நல்ல மனிதன், விதி முடிந்தது. எங்கள் பக்கத்தில் உடலை எடுப்பதற்கு முன் கூட்டத்தைப் பார்த்து "இவர் எப்படிப்பட்ட மனிதர்?" என்று கேட்பார்கள். "நல்ல மனிதர்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். ஆட்டுத் திருடனுக்கும் அதே பதில், பெண்டாட்டியை அடித்தவனுக்கும் அதே பதில். என் அண்ணனுக்கு அந்தப் பொதுப் பதில் போதாது. அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதுகிறேன்.

அவன் வாய் கெட்டவன். விருந்தாளி என்றும் பார்க்க மாட்டான், வயது என்றும் பார்க்க மாட்டான். பட்டாளத்தில் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு வந்து, கூட்டுப்பண்ணை இருந்தவரை அதன் லாரியை ஓட்டினான். பண்ணை கலைந்த பிறகு ஒரு பழைய ருஷ்ய ஜீப்பைத் தேற்றி, தூஸ்-பெல் கணவாய்க்கு அப்பால் இருக்கும் கோடை மேய்ச்சல் நிலங்களுக்கு ஆட்களையும் மாவையும் உப்பையும் ஏற்றிக்கொண்டு போய்வந்தான். கணவாய்க்கு இந்தப் பக்கம் கடைசி ஊர் எங்களுடையது. வெளிநாட்டார் வாடகைக்கு எடுத்த ஜீப்புகளில் வர ஆரம்பித்ததும் அவனுக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. யாரும் கொடுத்த வேலையல்ல, அவனாக எடுத்துக்கொண்டது. கம்பெனியில் செய்து அனுப்பியபடியே, ஒரு திருகைக்கூட மாற்றாமல் வரும் வண்டி அந்தக் கணவாயைத் தாண்டுமா தாண்டாதா என்று பார்த்துச் சொல்வது.

அவன் வாசலுக்கு எதிரே வாய்க்கால் தோண்டிய மண் ஒரு மேடாகக் கிடந்தது. அதன்மேல் வண்டியின் ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஏற்றச் சொல்வான். தான் பின்னால் போய்க் குந்தி, அதே பக்கம் இருக்கும் பின் சக்கரத்தைப் பார்ப்பான். சக்கரம் தரையை விட்டு எழும்பி, அடியில் அவன் முஷ்டி நுழைந்துவிட்டால் பேச்சே கிடையாது. "திரும்பிப் போ. ஏரிக்கரையில உக்காந்து மீன் சாப்புடு" என்பான். அதில் தேறினால், மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைவான். அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் பல்சக்கரக் கூட்டைத் தட்டுவான், டயரின் பக்கவாட்டை நகத்தால் அழுத்துவான். கடைசியில் வண்டியின் வயிற்றில் எந்த இடம் மிகத் தாழ்வோ அந்த உயரத்துக்கு ஒரு வில்லோ மரக் குச்சியை வெட்டிக்கொள்வான். கணவாயின் கெட்ட இடங்களில் இறங்கி அந்தக் குச்சியோடு நடப்பான். எந்தக் கல்லாவது குச்சியைவிட உயரமாக நின்றால், அதைச் சுற்றிப் போக வழி இருக்கிறதா என்று தேடுவான். வழி இல்லையென்றால் குச்சியை முறித்து எறிந்துவிட்டு வருவான். ஊரார் அவனுக்குக் குச்சி முல்லா என்று பெயர் வைத்தார்கள்.

எப்போதும் சரியாகச் சொன்னான் என்று எழுதினால் அது பொய். போலந்திலிருந்து ஒரு பையனும் பெண்ணும் வந்தார்கள். அந்தப் பெண் அவன் பேசுவதையெல்லாம் கைகட்டிக் கேட்டாள், வீட்டில் எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தாள். அண்ணன் குச்சியைக்கூடச் சரியாக வெட்டாமல், "போகும், தாராளமாப் போகும்" என்றான். இரண்டாம் வளைவைத் தாண்டியதுமே அச்சு வளைந்து வண்டி நின்றுவிட்டது. தன் ஜீப்பில் கயிறு கட்டி இழுத்து வந்து, வண்டி சீராகும்வரை அவர்களை வீட்டில் வைத்துச் சோறு போட்டான். அதன்பின் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சாதிக் அவனைப் பார்க்கும்போதெல்லாம், "ஜுமாதில், என் கழுதை கணவாய் ஏறுமா பாரு. இந்தா, சாக்லேட்டு" என்று கையை நீட்டுவார். அண்ணன் கல்லை எடுத்து எறிவான். சாதிக் சிரித்துக்கொண்டே ஓடுவார். ஆனால் அதற்குப் பிறகு, குச்சி வெட்டாமல் எந்த வண்டிக்கும் அவன் போகும் என்று சொன்னதில்லை.

அவன் மகள் கிம்பாத்தைக் கணவாய்க்கு அப்பால் ஒரு மேய்ப்பர் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். இந்த ஜூன் மாதம் அவளுக்கு மகன் பிறந்தான். தாய்வீட்டார்தான் தொட்டில் கொண்டுபோக வேண்டும். அண்ணன் தொட்டிலுக்கு ஊர் ஊராக அலைந்து மரம் தேர்ந்தெடுத்தான். கைப்பிடிக் கட்டையைத் தானே இழைத்தான். அவன் ஜீப் அப்போது கியர்ப்பெட்டியைக் கழற்றிப்போட்டுக் கிடந்தது. குதிரையில் போகலாம் என்று இருந்தான்.

அந்த நேரம் பார்த்து எர்கின் வந்து இறங்கினான். வெள்ளை நிறத்தில் ஒரு பெரிய ஜப்பான் ஜீப். ஜப்பான்காரன் நகரத்துச் சாலையில் ஓட்டியபடியே கப்பலேறி வந்தது, அவனுக்குத்தான் புதிது. தேர்வு தொடங்குவதற்கு முந்தின நாள் அது. நானும் அங்கே இருந்தேன்.

"தொட்டில என் வண்டியிலதான் கொண்டுபோறோம்," என்றான் எர்கின். "சம்பந்தி வீட்டுக்குக் குதிரையில போயி இறங்கினா நமக்கு என்ன மரியாதை? மெத்தை, கம்பளம், பெட்டி எல்லாம் மேல கட்டிரலாம்."

அண்ணன் வண்டியைச் சுற்றிவந்தான். "மேட்டுல ஏத்து," என்றான்.

எர்கின் ஏற்றினான். பின் சக்கரம் எழும்பியது. அண்ணன் முஷ்டியை நுழைக்கக் குனிவதற்குள் எர்கின் உள்ளே ஏதோ ஒரு குமிழைத் திருகினான். வண்டி முனகிக்கொண்டு மேட்டை ஏறி இறங்கிவிட்டது. சாதிக் வேலிக்கு அப்பாலிருந்து கைதட்டினார்.

"பார்த்தியாண்ணே? ஒரு சக்கரம் தூக்கினா மத்த சக்கரத்துக்கு இழுவைய அதுவே அனுப்பிரும். கல்லு, மணலு, பனி, எல்லாத்துக்கும் இதுல தனித்தனியா இருக்கு. விக்கிறவன் சொன்னான், நீ சும்மா உக்காந்திருந்தாப் போதும், வண்டியே பாத்துக்கும்னு."

"விக்கிறவன் தூஸ்-பெல் ஏறியிருக்கானா?"

"அண்ணே, உன் மேட்டுப் பரீட்சையில பாஸாயிருச்சுல்ல?"

"மேட்டுல பாஸுதான். ஒத்துக்கறேன்." உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுத்தான் சொன்னான். பிறகு படுத்து அடியில் நுழைந்தான். வெளியே வரும்போது முகம் மாறியிருந்தது. முன்பக்கம் அடியில் இருந்த பிளாஸ்டிக் தட்டை விரலால் சுண்டினான். "இது என்ன, கவசமா? தயிர்ச் சட்டிக்கு மூடி மாதிரி இருக்கு. வயிறு தரையத் தடவுது. டயரு அப்பளம். எர்கின், சக்கரத்துக்கு இழுவை வந்து என்ன பண்ணும்? வயிறு கல்லுல உக்காந்தா நாலு சக்கரமும் காத்துலதான் சுத்தும். குமிழ எங்கிட்டக் காட்டாத, கல்லுக்கிட்டக் காட்டு."

"நீ போகும்னு சொன்ன வண்டி அச்சு வளைஞ்சு நின்னுச்சு. இப்ப போகாதுங்கற. அப்படின்னா இது போகும்," என்றான் எர்கின். வேலிக்கு அப்பாலிருந்து சாதிக் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அண்ணனும் கோபத்தை மறந்து பல்லைக் காட்டினான்.

"சரிடா. அடிவாரம் வரைக்கும் வரட்டும். அங்க குதிரைக்கு மாத்திக்கலாம்," என்றான்.

"அங்க போயிப் பார்த்துக்கலாம்ண்ணே," என்றான் எர்கின். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற இந்த வார்த்தையை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் நாசமாய்ப் போக.

மறுநாள் காலை, நான் பள்ளிக்குக் கிளம்பும் முன் அவர்கள் சாமான்களைக் கட்டி முடித்திருந்தார்கள். வண்டியின் கூரையில் பெட்டி, கம்பளம், மெத்தைகள், எல்லாவற்றுக்கும் உச்சியில் தொட்டில். அண்ணன் கயிற்றின் முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா இரண்டு கைகளையும் விரித்து வழியனுப்பும் ஆசியைச் சொல்லத் தொடங்கிவிட்டார். பாதை வெண்மையாக இருக்கட்டும், தொட்டில் நிறையட்டும், ஓமின், அப்படியே ஆகட்டும். எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டோம். பெரியப்பா, எர்கின், அண்ணன், அண்ணி ஜூரா, நான்கு பேர் ஏறினார்கள்.

அடிவாரத்தில் ஒரு பெரிய பாறை உண்டு. தொலைபேசிக்குக் கடைசியாகச் சிக்னல் கிடைக்கும் இடம் அதுதான். அங்கிருந்து அண்ணன் என்னை அழைத்தான். தேர்வுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"புருல், சாதிக் கிட்டச் சொல்லி ரெண்டு குதிரைய அனுப்பு. நான் மூணாவது வளைவு வரைக்கும் நடந்து பார்த்துட்டேன். பனி உருகி பாறை ஒரு படி மாதிரி வெளிய வந்திருக்கு, குச்சிக்கு மேல நாலு விரல் நிக்குது. சுத்திப் போக வழியில்ல, பாதை வேற பள்ளத்துப் பக்கமாச் சாயுது. இது போகாது. கண்டிப்பாப் போகாது. குதிரை வர்ற வரைக்கும் இந்தக் கழுதைங்களுக்கு டீயக் குடுத்து உக்கார வெச்சிருக்கேன்."

"எர்கின் ஒத்துக்கிட்டானா?"

"அவன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கான். வெச்சிருக்கட்டும். பேரன் மூஞ்சியப் பார்க்கணும் எனக்கு. சீக்கிரம் அனுப்பு."

சாதிக்கிடம் ஓடினேன். அவர் ஒரு கேலியும் செய்யாமல் சேணம் கட்டினார். தேர்வு மணி அடிக்கும் முன்பே குதிரைகள் கிளம்பிவிட்டன. கணவாயில் நடந்ததை அண்ணி பிறகு எனக்குச் சொன்னாள். அவள் சொன்னபடி எழுதுகிறேன்.

டீ குடித்து முடித்ததும் அண்ணன், குதிரைகள் வருவதற்குள் சாமானை இறக்கிவைக்கலாம் என்று வண்டிமேல் ஏறி முதல் முடிச்சில் கைவைத்தான். பெரியப்பா கைத்தடியால் கதவைத் தட்டினார்.

"என்ன பண்ற?"

"தொட்டில அவிழ்க்கறேன் பெரியப்பா. குதிரையில கட்டணும்."

"ஓமின் சொல்லிக் கட்டின பாரம் போய்ச்சேர்ற எடத்துலதான் எறங்கணும். வெறுந்தொட்டிலு நடுவழியில கட்டவிழ்ந்தாப் புள்ளைக்கு ஆகாது."

"பெரியப்பா, இந்த வண்டி போகாது."

"அப்ப திரும்பலாமா? வெறுந்தொட்டிலத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோறதா? அத விட வேற சாபம் வேணுமா?"

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அவள் தன் பக்கம் நிற்பாள் என்று நினைத்திருப்பான். அண்ணி சொன்னாள்: "என் பொண்ணுக்கு ரெண்டு தரம் கலைஞ்சு, இப்பத்தான் ஒண்ணு தங்கியிருக்கு. அதுல கை வெக்காதீங்க. கும்பிட்டுக் கேக்கறேன்."

"ஜூரா, போகாதுடி. மூணாவது தடவ சொல்றேன்."

எர்கின் சாவியை ஆட்டிக்கொண்டு, "நான் ஓட்டறேன். நீ நடந்து வாண்ணே," என்றான்.

"நீ ஓட்டினா உங்கப்பனுக்கு மண்ணு போட ஆள் இருக்காது." அண்ணன் சாவியைப் பிடுங்கினான். "எல்லாரும் எறங்கி நடங்க. மூணாவது வளைவத் தாண்டி நில்லுங்க. யாரும் கீழ்ப்பக்கம் நிக்கக் கூடாது."

இங்கேதான் எனக்கு அண்ணன் மீதும் கோபம். போகாது என்று அளந்தவன் ஏன் ஏறினான்? ஒரு குழந்தையின் பேரைச் சொல்லிவிட்டால் எங்கள் ஆட்களுக்குக் கல் கல்லாகத் தெரியாது, பள்ளம் பள்ளமாகத் தெரியாது. அவனும் எங்கள் ஆள்தானே. ஊரையே திட்டிய வாய்க்கு அன்றைக்கு ஒரு கிழவரைத் திட்ட வரவில்லை.

அவன் வழக்கப்படி பெல்ட்டைக் கழற்றிவிட்டிருந்தான். பக்கவாட்டுச் சரிவில் வண்டி நழுவினால் குதித்துவிட வேண்டும் என்பது அவன் கணக்கு. அவன் ஓட்டிப் பழகிய வண்டிகளில் எல்லாம் ஸ்டீயரிங் இடப்பக்கம். ஏறும்போது மலை இடப்பக்கம், பள்ளம் வலப்பக்கம், ஓட்டுநரின் கதவு மலைப்பக்கம். எர்கினின் ஜப்பான் வண்டியில் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தது. கதவைத் திறந்தால் காற்றுதான்.

இடப்பக்கச் சக்கரங்கள் பாறைப்படியில் ஏறின. வயிறு கல்லில் உட்கார்ந்தது. அண்ணன் பின்னுக்கு எடுக்கப் பார்த்தான். சக்கரங்கள் சுற்றின, ரப்பர் தீய்ந்த நாற்றம் வந்தது. கூரையின் பாரம் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. "மெதுவாத்தான் சாஞ்சுது புருல்," என்றாள் அண்ணி. "ஆடு படுக்கற மாதிரி. அவரு மலைப்பக்கக் கதவுக்குத் தவழ்ந்து வந்தாரு. கை தெரிஞ்சுது. அவ்வளவுதான்."

சாதிக் குதிரைகளோடு அடிவாரத்தை அடைந்தபோது, எர்கின் அந்தப் பாறைமேல் நின்று எனக்குப் பேசிக்கொண்டிருந்தான்.

வீட்டு முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டு அண்ணனைக் கிடத்தினோம். பெண்கள் உள்ளே, சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். எனக்கு ஒப்பாரி வராது. சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆண்கள் வெளியே துக்கக் கோலை ஊன்றிக் குனிந்து நின்று, யார் வந்தாலும் குரலெடுத்து அழுதார்கள். எல்லாருக்கும் மேலே கேட்டது எர்கினின் குரல்தான். "என் மலையே, என் அண்ணாவே" என்று அழுதான். அழுகைக்கு நடுவே வந்தவர்களுக்கு விவரமும் சொன்னான். கம்பளிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"எப்பிடிப்பா நடந்துச்சு?"

"அண்ணனே குச்சி வெச்சுப் பார்த்தாருங்க. அவரு பார்த்துச் சொன்னா மறுபேச்சு ஏது? போகும்னாரு. அவருதான் ஓட்டினாரு."

"ஹூம். குச்சி முல்லாவுக்கே கணக்குத் தப்பிருச்சு பாரு."

"விதிங்க. வேற என்ன."

அடுத்து வந்தவரிடமும் அதையே சொன்னான். அதற்கடுத்தவரிடமும். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அது உண்மையாகிவிட்டது. கணவாயை அறிந்த ஒரே மனிதன் கடைசி நாளில் தப்பாகச் சொல்லித் தானே செத்தான். இதைவிடச் சுலபமான கதை யாருக்கு வேண்டும்? யாரும் யாரையும் கேட்க வேண்டாம். நான் எழுந்தேன். அண்ணி என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"எங்க போற?"

"வெளிய. அவன் வாயில அடிக்க. அண்ணன் போகாதுன்னு எங்கிட்டச் சொன்னான். குதிரை கேட்டான்."

"தெரியும். எனக்குத் தெரியாதா? சொன்னா அடுத்து என்ன கேப்பாங்க? போகாதுன்னவன் ஏன் ஓட்டினான்னு. தொட்டில அவிழ்க்க விடலன்னு வரும். கிம்பாத் காதுல விழும். தன் புள்ளையோட தொட்டிலு அப்பனக் கொன்னுருச்சுன்னு அவ காலத்துக்கும் சாகணுமா? இருக்கறவங்க வாழணும் புருல். போனவருக்கு என்ன வந்துச்சு?"

"போனவனுக்கு அவன் சொன்ன வார்த்தை இருக்கு அண்ணி. அது ஒண்ணுதான் மிச்சம்."

அவள் என் கையை விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.

அன்று பொழுது சாயும்போது கிம்பாத் வந்தாள். சேதி சொல்லப் போனவனோடு குதிரையில் கணவாயைத் தாண்டி, மூன்றாம் வளைவில் இறங்கிக் குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு நடந்து வந்திருந்தாள். கீழே கிடந்த வண்டியைப் பார்த்திருக்கிறாள். அழுது முடித்ததும் குழந்தையை அண்ணியின் மடியில் போட்டுவிட்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, அப்பா பாறைப்படியப் பார்த்தாரா?"

"பார்த்தாரு."

"அந்த வயித்துக்கு அந்தப் படி ஏறாதுன்னு எனக்கே தெரியுது. சின்ன வயசுல எத்தனை குச்சி நான் புடிச்சிட்டு நடந்திருக்கேன். அப்பா என்ன சொன்னாரு?"

அண்ணி என்னைப் பார்த்தாள். கெஞ்சும் பார்வை. மகள் நேராகக் கேட்கும்போது நான் யாருக்காகப் பொய் சொல்வது?

"போகாதுன்னாரு," என்றேன். பிறகு தொட்டில் விஷயத்தையும் சொன்னேன். முழுவதும் சொன்னேன். அண்ணி முகத்தை மூடிக்கொண்டாள். கிம்பாத் அதிர்ந்து விழுவாள் என்று நினைத்தேன். அவள் பற்களைக் கடித்தபடி கம்பளிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே எர்கின் புதிதாக வந்த யாருக்கோ கதை சொல்லத் தொடங்கியிருந்தான்.

மறுநாள் காலை, எடுப்பதற்கு முன் முற்றத்தில் தொழுகை முடிந்தது. இமாம் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: "ஜுமாதில் எப்படிப்பட்ட மனுஷன்?"

"நல்ல மனுஷன்," என்று எல்லாரும் சொன்னார்கள்.

கிம்பாத் கூடாரத்தின் திரையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். பெண்கள் அந்த நேரத்தில் வெளியே வருவதில்லை. யாரோ அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தார்கள், அவள் உதறிவிட்டாள்.

"நானும் ஒண்ணு கேக்கணும். எர்கின் சித்தப்பா, எங்கப்பா வண்டி போகும்னு சொன்னாரா?"

"உள்ள போம்மா," என்றார் ஒரு பெரியவர். "இது அதுக்கான நேரமில்ல."

"இதுக்கு வேற நேரம் ஏது? இன்னும் கொஞ்ச நேரத்துல அவரக் கொண்டுபோயிருவீங்க. சித்தப்பா, சொல்லுங்க."

எர்கின் தன் துக்கக் கோலைப் பார்த்தபடி நின்றான். "அண்ணன் குச்சி வெச்சு அளந்தாரும்மா..."

"அளந்து என்ன சொன்னாரு?"

பின்வரிசையிலிருந்து சாதிக்கின் குரல் வந்தது. "டேய், போகும்னு சொன்னவன் எதுக்குடா என் குதிரைய வரச் சொன்னான்? ஊர்வலம் விடவா?"

கூட்டம் சலசலத்தது. பெரியப்பா நாற்காலியிலிருந்து எழ முயன்று, முடியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"போகாதுன்னான்," என்றார். "மூணு தரம் சொன்னான். நான்தான் தொட்டில அவிழ்க்க விடல. என் மகன் பொய் சொல்றது நேத்துலேருந்து என் காதுல விழுது. நானும் வாயத் தொறக்கல." பிறகு இமாமின் பக்கம் திரும்பினார். "ஓமின் சொன்ன பாரத்த வழியில எறக்கக் கூடாதுன்னு எதுலயாவது இருக்கா?"

இமாம் இளைஞர், எங்கள் பள்ளியில் படித்தவர். தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்படி ஒண்ணும் கிடையாதுங்க, பெரியவரே," என்றார்.

இல்லவே இல்லை. எந்த வேதத்திலும் இல்லை, எந்த மார்க்கத்திலும் இல்லை. யாரோ எப்போதோ பயந்து சொன்ன ஒன்று. அதற்காக என் அண்ணன் போனான்.

"தொட்டிலு மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல," என்றாள் கிம்பாத். "அது மரம். நான் என் புள்ளைய அதுலதான் போடுவேன். ஆனா எங்கப்பா பார்த்துச் சொன்னத மாத்திச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. நாளைக்கு வேற ஒருத்தன் இதே மாதிரி வண்டிய ஓட்டிட்டு வருவான். ஜுமாதிலே போகும்னு சொன்ன வண்டிதான்னு மேல போவான். சித்தப்பா, அடிவாரப் பாறையில அப்பா சொன்னத எழுதுங்க. உங்க கையாலயே எழுதுங்க."

எர்கின் சரி என்று தலையை ஆட்டினான். ஆண்கள் அண்ணனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

உண்மை தெரிந்ததால் ஊர் மாறிவிடவில்லை. அடக்கம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர், ஒரு பெண் துக்க முற்றத்தில் வந்து பேசியதைத்தான் குறையாகப் பேசினார்கள். "படிச்ச அத்தை ஏத்திவிட்டிருப்பா" என்று என் காதுபடவே சொன்னார்கள். அண்ணி என்னோடு பேசுவதில்லை. ஆனால் தொட்டிலைப் பள்ளத்திலிருந்து எடுத்துவரச் சொன்னது அவள்தான். ஒரு பக்கம் கீறல், மற்றபடி முழுதாக இருந்தது. கிம்பாத் அதைக் குதிரையில் கட்டிக்கொண்டு போனாள். மூன்றாம் வளைவில் அதை அவிழ்த்துத் தன் கையில் தூக்கிக்கொண்டு நடந்தாளாம். சாதிக் சொன்னார்.

எர்கின் வெள்ளைப் பெயிண்ட் வாங்கிவந்து அடிவாரப் பாறையில் எழுதினான். நான் போய்ப் பார்த்தேன். எழுத்துகள் கோணலாக இருந்தாலும் தூரத்திலிருந்தே படிக்க முடிகிறது. கம்பெனியிலிருந்து வந்தபடியே வரும் வண்டி இதற்கு மேல் போகாது, பார்த்துச் சொன்னது, என்று இருக்கிறது. அதுவரை எழுதியதும் மழை பிடித்துக்கொண்டதாம், அவனும் பிஷ்கெக்குக்குத் திரும்ப வேண்டியிருந்ததாம். கீழே அண்ணன் பெயர் வரவேண்டிய இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டிருக்கிறான். பெயரை இன்னும் எழுதவில்லை.